தலையைத் தூக்காமல் அடிப்பது எப்படி

மகனே,

காகிதத்தின் உச்சியில் வழக்கமாக எழுதும் சேசு மரி சூசையை இந்தத் தடவை எழுதவில்லை. நம் வீட்டு அடிதடிக்குள் அந்த அமைதியான தச்சர் குடும்பத்தை எதற்கு இழுப்பது? உறையையும் ஒட்டவில்லை. மலைக்கு ஏறும் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். வளைவுக்கு வளைவு அவர் ஒரு பக்கம் படித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. தோட்டத்து ஆபீசில் நாலு பேர் சுற்றி நின்று உரக்கப் படித்தாலும் நல்லதுதான். மூடி வைத்து எழுதுகிற கதையை நான் என்றைக்குமே எழுதியதில்லை.

உன் கடிதம் வந்தபோது பிலோமினா இங்கேதான் இருந்தாள். டீச்சர் வேலை முடிந்து பள்ளிக்கூடம் விட்டதும், கல்யாண முக்காட்டுக்கு வாங்கிய வலைத்துணியைக் காட்ட வந்திருந்தாள். கட்டிக்கொள்ளப் போகிறவன் எழுதியதாயிற்றே, அவளுக்கும் கேட்கட்டும் என்று உரக்கப் படித்தேன். முதல் பக்கம் முழுக்கச் சிரிப்பு. நீ வேலை பார்க்கும் தோட்டத்துத் துரை உன்னை ஞாயிற்றுக்கிழமை கோல்ப் ஆடக் கூட்டிப்போனார். நீ ஓங்கி அடித்தாய். பந்து அசையாமல் கிடக்க, புல்லோடு ஒரு மண்கட்டி பறந்து துரையின் தொப்பியில் விழுந்தது. சீமைக்குப் போகுமுன் துரை தன் நாற்காலிக்கு உன் பெயரைச் சொல்லிவிட்டுப் போவார் போலிருக்கிறது, அதனால் அவரோடு ஆடியே ஆகவேண்டும், 'அம்மா, நீ அந்தக் காலத்தில் நன்றாக அடிப்பாயாமே, அடிப்படையை மட்டும் எழுதி அனுப்பு' என்று கேட்டிருந்தாய். பிலோமினா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதே சிரிப்போடு பக்கத்தைப் புரட்டினேன். 'பை தூக்குகிற கிழவன் பந்தைத் தொலைத்துவிட்டான். அந்தக் கோலாலேயே முதுகில் ரெண்டு வைத்தேன். துரையே சிரித்துவிட்டார்.' கண் நிற்பதற்குள் வாய் படித்து முடித்துவிட்டது. அடுத்த வரியில் கல்யாணக் கோட்டுக்கு அளவு கொடுத்த சமாச்சாரம்.

பிலோமினா வலைத்துணியை மெதுவாக மடித்தாள். "அவரு பேரு என்னங்க அத்தை?" என்றாள்.

"யாரு, தொரை பேரா?"

"இல்லீங்க. அடி வாங்குனாரே, அவரு பேரு."

காகிதத்தை முன்னும் பின்னும் புரட்டினேன். தொலைந்த பந்தைச் செய்த கம்பெனியின் பெயர் இருந்தது. அவர் பெயர் இல்லை.

சரி, அடிப்படை கேட்டாய். எனக்கு அடியும் தெரியும், அந்த அடிக்குப் பின்னால் வரும் படையும் தெரியும். ஒழுங்காக உட்கார்ந்து படி.

இந்தக் கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு வெளியே, மலையடிவாரத்தில், சுரங்கக் கம்பெனித் துரைமார் பந்தடிக்கும் மைதானம் ஒன்று இருந்தது உனக்கு அரைகுறையாக ஞாபகம் இருக்கும். உங்கள் மலையில் இருப்பது போலப் பச்சைப் புல் கிடையாது. சுக்கான் மண், ஆவாரஞ்செடி, ஓணான். குழி இருக்கும் இடத்தைச் சுற்றி மட்டும் மணலில் எண்ணெய் கலந்து, உருளை இழுத்து, தோசைக்கல் மாதிரி வழவழப்பாக்கி வைப்பார்கள். அந்த உருளையை இழுப்பது, எண்ணெய் தெளிப்பது, துரைமாரின் பையைத் தூக்குவது எல்லாம் உங்கப்பா. நான் பங்களா சமையல்காரரின் மகள். கன்னியாஸ்திரி பள்ளியில் படிப்பை முடித்துவிட்டு வந்து, யாரை எப்படிக் கவிழ்க்கலாம் என்று யோசிப்பதையே முழுநேர வேலையாக வைத்திருந்தேன்.

உங்கப்பாவை நான் முதலில் கவனித்தது அவர் ஒரு பாம்பை அடித்தபோது. எண்ணெய் மணலில் குளிர்ச்சிக்காக ஒரு நல்ல பாம்பு சுருண்டு கிடந்தது. மூங்கில் தடியால் முதல் அடியிலேயே தலை நசுங்கிவிட்டது. அவர் நிறுத்தவில்லை. பாம்பு கூழாகி, மணலில் ரத்தமும் எண்ணெயும் குழைந்து, அவர் முழங்கால் வரை தெறித்து, தடி பிளந்து இரண்டாகும்வரை அடித்தார். ஒவ்வொரு அடி விழும்போதும் தலையை வெடுக்கென்று தூக்கி வேலிப்பக்கம் பார்த்தார். "அங்க என்னத்தப் பாக்கறீங்க? பாம்பு கீழ கெடக்குது" என்றேன். "ஜோடிய. ஒண்ண அடிச்சா இன்னொண்ணு வரும். பாத்துக்கிட்டே அடிக்கோணும்" என்றார்.

நம் பக்கத்து ஆண்பிள்ளைகள் பந்தடிப்பதில் தோற்பது இந்த இடத்தில்தான். பிறந்ததிலிருந்து பாம்படித்துப் பழகிய உடம்பு. கை இறங்கும் கணத்தில் தலை தானாக எழுந்து ஜோடியைத் தேடும். தலை எழுந்தால் தோள் எழும், தோள் எழுந்தால் கோல் எழும், பந்து அப்படியே சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நீ அடித்தபோது துரையின் தொப்பியைத்தானே பார்த்தாய்? பார்த்திருப்பாய். உங்கப்பாவின் கழுத்து உனக்கு.

மத்தியானம் துரைமார் உண்டுவிட்டுத் தூங்கும் நேரத்தில் உங்கப்பாவும் இன்னும் இரண்டு ஆட்களும் கீழே போட்டுவிட்டுப் போன கோல்களை எடுத்து அடித்துப் பார்ப்பார்கள். மைதானத்தின் ஓரக் கிணற்றிலிருந்து தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம் வைத்துக்கொண்டு நான் குறுக்கே போவேன். ஒரு நாள் குடங்களை இறக்கிவிட்டு, "நானு ஒண்ணு அடிக்கட்டுமா?" என்றேன். சிரித்தார்கள். அடித்தேன். பந்து புளியமரத்தைத் தாண்டிப் போய் விழுந்தது. எனக்கே தெரியவில்லை எப்படி என்று. பிறகு யோசித்துக் கண்டுபிடித்தேன். தலையில் குடம் இருப்பதாகவே என் கழுத்து நினைத்துக்கொண்டிருந்தது. குடம் சுமக்கிறவளுக்கு இடுப்பு திரும்பும், தோள் திரும்பும், கால் மேடுபள்ளம் பார்க்கும், தலை மட்டும் திரும்பாது. இதுதான் பாதி வித்தை. கோலை எடுப்பதற்கு முன் உன் தலையில் தளும்பத் தளும்ப ஒரு குடத்தை வைத்துக்கொள். ஒரு சொட்டுச் சிந்தினாலும் நீ தோற்றாய்.

பிடியைச் சொல்கிறேன். பால் கறக்கும் பிடி. சுண்டுவிரல் பக்கம் இறுக்கம், கட்டைவிரல் பக்கம் இளக்கம். கசக்கினால் மாடு உதைக்கும், விட்டால் பால் வராது. கால்களைத் தோளகலத்துக்கு வை. பிறகு கோலை மெதுவாகப் பின்னால் கொண்டுபோ. மெதுவாக என்றால், அவசரமே இல்லாதவன் கதவைத் திறக்கிற மாதிரி. இறங்கும்போது கை முதலில் வரக்கூடாது. இடுப்பு முதலில், தோள் அடுத்து, கை கடைசியில், கல்யாண வீட்டில் பந்திக்குப் போகும் மரியாதையோடு. பந்தை அடிக்கப் போகிறோம் என்று நினைக்காதே. வீச்சு தன் வழியில் போகிறது, பந்து அந்த வழியில் கிடக்கிறது, அவ்வளவுதான். பலம் தேவையே இல்லை. பலம் இருக்கிறவர்கள்தான் இதைக் கெடுப்பார்கள்.

உங்கப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. உருளையைத் தனியாளாக இழுக்கிறவர். கிணற்றுக் கயிறு மாதிரி கை. நோஞ்சான் பெண் ஒருத்தி மரத்தைத் தாண்டி அடிக்கிறாள், அவர் பந்து மரத்தடிக்கே போகவில்லை. நானும் சும்மா இருக்கிறவளா? வெற்றிலைச் சுண்ணாம்பை உருண்டை பிடித்துக் காயவைத்து, அவர் பந்து இருந்த இடத்தில் ஈரமணலைக் கூட்டி அதன்மேல் வைத்துவிட்டேன். அவர் ஓங்கி அடித்தார். டப்பென்று வெடித்து, மனுஷர் தலைமுதல் கால்வரை வெள்ளையடித்த கோயிலாகிவிட்டார். "ஆகா, தொரையாயிட்டீங்க!" என்று கத்திவிட்டு ஓடினேன். கோலைத் தூக்கிக்கொண்டு துரத்தினார். புளியமரத்தில் ஏறிக்கொண்டேன். கீழே நின்று மரத்தை அடித்தார். பட்டை உரிந்து, உள்ளே வெள்ளைச் சதை தெரியும்வரை அடித்தார். நான் மேலே உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தேன். எனக்கு அது காதல். மரத்தை யாரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் துரை ஒருவர் எறிந்துவிட்டுப் போன இரும்புத் தலை ஒன்றுக்குக் கல்மூங்கிலில் கைப்பிடி செதுக்கி, கண்ணாடிச் சில்லால் வழவழவென்று சீவி, என் உயரத்துக்கு அளவாகக் கொண்டுவந்து கொடுத்தார். "இது உனக்கு. இனிமே என் கோலத் தொடாத" என்றார். அந்தக் கோலுக்காகத்தான் அவரைக் கட்டிக்கொண்டேன். கதவுக்குப் பின்னால் இப்போதும் நிற்கிறதே, அதுதான்.

கல்யாணமான பிறகு ஒரு நாள் துரை ஒருவர் பந்தடிக்கும் நேரம் உங்கப்பா இருமிவிட்டார். எண்ணெய் நெடியில் எப்போதும் இருமல்தான். துரை அடித்தது தப்பிப் போயிற்று. அவர் திரும்பி, அதே வீச்சில், உங்கப்பாவின் விலாவில் அடித்தார். மற்ற துரைமார் சிரித்தார்கள். உங்கப்பா பையைத் தூக்கிக்கொண்டு மிச்ச மைதானத்தையும் அவர் பின்னாலேயே நடந்து முடித்தார். வீட்டுக்கு வந்தார். நான் விலாவுக்கு ஒத்தடம் கொடுத்தேன். கொடுத்துக்கொண்டிருக்கும்போதே, "என்னடி சிரிக்கற?" என்றார். நான் சிரிக்கவில்லை. என் முகமே அப்படி. என் காதில் விழுந்த அறையில் சட்டிகள் எல்லாம் மணியடித்த மாதிரி இருந்தது.

அன்றைக்குத் திறந்த கதவு பிறகு மூடவே இல்லை. ரசத்தில் உப்பு, கூரையில் ஒழுகல், மைதானத்தில் துரையின் ஏச்சு என்று ஏதாவது ஒன்று போதும். என் முன்பல் ஒன்று போனது, இடது மணிக்கட்டு இரண்டு தடவை வீங்கியது, நீ பிறப்பதற்கு முன் ஒன்று கலைந்தது. நான் அவர் வீச்சைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். மணிக்கட்டு மட்டும் மடங்கினால் சின்ன அடி. தோள் பின்னால் திரும்பினால் அடுப்பங்கரை வரை போய் விழுகிற அடி. அடிக்கும்போது தலையைத் தூக்கி வாசலைப் பார்ப்பார், யாராவது வருகிறார்களா என்று. அதனாலேயே பாதி அடி தப்பிவிடும். "பாத்து அடிங்க, செவுருதான் பாவம்" என்று சொல்லி மறுபாதியையும் வாங்கிக்கட்டிக்கொள்வேன். வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு எங்கே தெரியும்?

பிறகு நீ அந்த எண்ணெய் டின்னைக் கவிழ்த்தாய். உனக்கு ஞாபகம் இருக்கும், பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வயது. மைதானத்துக்காக வாங்கி வைத்திருந்த எண்ணெய் மண்தரை முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. நட்டநடு மத்தியானம். உங்கப்பா உன் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி மூலையில் எறிந்தார். மாட்டுச் சாட்டையின் கம்பை எடுத்தார். தோள் முழுக்கப் பின்னால் திரும்பியது. உன் கை தலையை மறைத்தது, அத்தனூண்டு கை.

கோபத்தில் அடித்தேன் என்று ஊரில் சொல்வார்கள். நம்பாதே. கோபத்தில் அடித்திருந்தால் தப்பியிருக்கும். கதவுக்குப் பின்னாலிருந்து கோலை எடுத்தேன். கால்களைத் தோளகலத்துக்கு வைத்தேன். தலையில் குடம். பால் கறக்கும் பிடி. மெதுவாகப் பின்னால் கொண்டுபோனேன். இடுப்பு, தோள், கை. அவர் காலை நான் அடிக்கவில்லை. வீச்சு தன் வழியில் போனது, முழங்காலுக்குக் கீழே எலும்பு அந்த வழியில் இருந்தது. காய்ந்த விறகை முட்டியில் வைத்து ஒடிக்கிற சத்தம். அவர் எண்ணெயில் வழுக்கி விழுந்தார். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக வெளியே எட்டிப்பார்த்தது. அப்போதும் நான் தலையைத் தூக்கவில்லை.

இனிமேல் சொல்வதுதான் நீ கேட்ட அடிப்படை. முன்னால் சொன்னதை எல்லாம் துரையே உனக்குச் சொல்லிக்கொடுப்பார்; இதைச் சொல்லமாட்டார். நான் கோலை இரண்டாவது முறை தூக்கினேன். இந்தத் தடவை குறி காலில் இல்லை. தரையில் கிடந்த தலையில். கோல் மேலே போய் நின்றது. ஒவ்வொரு வீச்சுக்கும் ஓர் உச்சி உண்டு மகனே. மேலே போவதும் முடிந்துவிட்டது, கீழே வருவது இன்னும் தொடங்கவில்லை. கண்ணிமைக்கும் நேரம்தான், ஆனால் இருக்கிறது. அந்த இடத்தில் கோல் உன் பேச்சைக் கேட்கும். இறங்க ஆரம்பித்தபின் ஆண்டவர் சொன்னாலும் கேட்காது. உங்கப்பா என்னைப் பார்த்தார். மூலையில் நீ பார்த்தாய். நான் கோலை இறக்கிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, எலும்புக்குக் கட்டுப்போடுகிறவரை அழைத்துவர ஆள் அனுப்பினேன். அந்த உச்சியை உணராத ஆள் எவ்வளவு தூரம் பந்தை அடித்தாலும் அவனிடம் கோலைக் கொடுக்கக் கூடாது.

கட்டுப்போடுகிறவர் வெண்ணந்தூர்க்காரர். மூங்கில் பத்தையை வைத்துக் கட்டிக்கொண்டே, "ஏனுங்க, எப்படிங்க ஆச்சு?" என்றார். உங்கப்பா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஊட்டுக்குள்ள பாம்பு வந்துருச்சுங்க. இவ அடிச்சா. நான் குறுக்க போயிட்டனுங்க" என்றார். வந்தவர் தரையில் ஓடியிருந்த எண்ணெயைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், முன்பல் போன என் வாயைப் பார்த்தார். "பாம்பு என்னாச்சுங்கம்மா?" என்று என்னைக் கேட்டார். "தப்பிச்சிருச்சுங்க" என்றேன். "அப்படீங்களா. ஜோடி எங்கியாச்சும் இருக்கும். பாத்து இருந்துக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கட்டை இறுக்கினார். உங்கப்பா அலறிய அலறலில் மைதானத்திலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள்.

மாதா கோயில் சாமியார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். புருஷனை அடிப்பது பாவம் என்றார், நான் ஆமாங்க என்றேன். "வருத்தப்படுறியாம்மா?" என்றார். "படறனுங்க சாமி. முன்பல்லு போனப்பவே அடிச்சிருக்கோணும்" என்றேன். எனக்கு முழு ஜெபமாலையைத் தண்டனையாகக் கொடுத்தார். சொல்லும்போதும் சிரிப்புதான் வந்தது.

உங்கப்பா அப்புறம் சாகும்வரை காலை இழுத்துத்தான் நடந்தார், யார் மேலும் கை வைக்கவில்லை. முதலில் பயத்தினால். பிறகு பழக்கத்தினால். பயத்தில் ஆரம்பித்தது என்பதற்காக நல்ல பழக்கத்தை நான் தள்ளிவிடமாட்டேன். கடைசி வருஷங்களில் திருவிழாவுக்கு வரும் சொந்தக்காரர்களிடம் காலைக் காட்டி, "இவ அடிச்சா அடிதான். தலையத் தூக்கவே மாட்டா" என்று பெருமையாகச் சொல்வார். அது மன்னிப்பா, பீற்றலா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் கை ஒன்று எப்போதும் சட்டைக்கு மேலே, விலாப்பக்கம் துரை அடித்த தழும்பைப் பிடித்தபடியே இருக்கும். உனக்குத் தெரியுமே. நீ கேட்டாய், 'ஏம்ப்பா அங்கியே புடிச்சுக்கிட்டு இருக்கறீங்க' என்று. வாயுப் பிடிப்பு என்று சொன்னார்.

உன் அப்பா தூக்கிய பையைத்தான் மலைமேல் அந்தப் பெரியவர் தூக்குகிறார். உன் அப்பாவை அடித்த கோலைத்தான் நீ பிடித்திருக்கிறாய். அப்போது சிரித்த துரைமாரின் சிரிப்பைத்தான் உன் துரையும் சிரித்தார். நீ அதைக் கடிதத்தில் தமாஷாக எழுதி, தமாஷுக்குப் பெயர்போன உன் அம்மாவுக்கே அனுப்பியிருக்கிறாய். இத்தனை வருஷமாக ஜோடி வரும் ஜோடி வரும் என்று வேலியைப் பார்த்த ஆட்களை எல்லாம் நான் கேலி செய்திருக்கிறேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் அது சுருண்டு படுத்திருந்தது.

அதனால் இப்படிச் செய். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் அந்தப் பெரியவரின் வீட்டுக்குப் போ. துரையைக் கூட்டிக்கொண்டு போகாதே, கோட்டுப் போட்டுக்கொண்டும் போகாதே. பெயரைக் கேள். அவர் பெண்டாட்டி எதிரில், பிள்ளைகள் எதிரில், செய்தது தப்பு என்று சொல். அவர் முதுகில் என்ன இருக்கிறது என்று பார். உட்காரச் சொன்னால் உட்கார்; கம்பை எடுத்தால் நில், ஓடாதே. இதனால் துரையின் நாற்காலி போனால் போகட்டும், உனக்கு நின்றுகொண்டு செய்யும் வேலை ஒன்று கிடைக்காமலா போகும்? பிறகு கீழே வந்து பிலோமினாவிடம் அந்தப் பெயரைச் சொல். அவள் கேட்டது அது ஒன்றுதான். நகை கேட்கவில்லை, நாற்காலி கேட்கவில்லை.

உங்கள் கல்யாண ஓலை கோயிலில் ஒரு தடவை வாசித்தாகிவிட்டது. வரும் ஞாயிறு இரண்டாவது. அதற்கடுத்த ஞாயிறு மூன்றாவது, கடைசி. வாசித்து முடித்ததும், இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று சாமியார் சொல்வார். சொல்லிவிட்டு ஒரு மூச்சு நேரம் நிறுத்துவார். எனக்குத் தெரிந்து அந்த நிறுத்தத்தில் இதுவரை யாரும் வாயைத் திறந்ததில்லை; குழந்தைகள் அழும், யாராவது இருமுவார்கள், அவர் மேலே போய்விடுவார். ஆனால் அதுவும் ஒரு வீச்சின் உச்சிதான். அந்த மூச்சு நேரத்தில் உன் அம்மா உட்கார்ந்தே இருப்பாளா, எழுந்து நிற்பாளா என்பதை வெள்ளிக்கிழமை நீ முடிவுசெய்.

பிலோமினா என் பக்கத்தில்தான் இருப்பாள். இந்தக் கடிதத்தை அவள் படித்துவிட்டாள். நேற்றுச் சாயங்காலம் அவளைப் பழைய மைதானத்துக்குக் கூட்டிப்போய், கதவுக்குப் பின்னால் இருந்ததைக் கையில் கொடுத்துப் பார்த்தேன். முதல் அடியிலேயே பந்து புளியமரத்தைத் தாண்டிவிட்டது. தலையைத் தூக்கவே இல்லை.

அம்மா